நவம்பர் மூன்றில் பிறந்தவர்கள்

பெரிய மனிதர்களின் வரலாறு பிறந்த தேதியில் தொடங்கும். சில்வெஸ்டர் பெரிய மனிதர் அல்ல. ஆனாலும் அவருடைய வரலாறும் ஒரு பிறந்த தேதியைச் சுற்றியே நடக்கிறது. என்ன, அது அவருடைய தேதி அல்ல, அவர் அப்பா ஏசுதாசனுடையது. ஏசுதாசனுடையதும் அல்ல என்பது பின்னால் தெரியவரும்.

சில்வெஸ்டருடைய சொந்தத் தேதியில் ஒரு வில்லங்கமும் இல்லை. கோலா கெத்தில் சாலையிலிருந்து ஏழு கல் உள்ளே தள்ளிய ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில், 1958 மார்ச்சில், மருத்துவ உதவியாளரான டிரெசர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் முதற்கொண்டு எழுதிவைத்துவிட்டார். கையில் பென்சில் பிடிக்க வந்ததும் பையன் படம் வரைய ஆரம்பித்தான். ஒன்பது வயதில் தோட்டத்துக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்திரை எழுதினான். பெத்லகேமின் நாற்புறமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் கோப்பை கட்டியிருந்தது. ஃபாதர் விசாரித்தார்.

"மாட்டுத் தொழுவம் இருந்திச்சில்ல ஃபாதர். அப்பத் தோட்டமும் இருந்திருக்கும்."

ஃபாதர் அதற்கு மேல் வேதாகமத்தை இழுக்கவில்லை.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, சுங்கை பட்டாணியில் மளிகைக்கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பெயர்ப்பலகை எழுதினார். 1979இல் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை கிடைத்தது. 1983இல் அந்த ஸ்டோருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தொட்டால் கெட்டுவிடும், கெட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அனுபவசாலிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். குளிர்சாதனம் உள்ள ஒரே அறை அதுதான் என்ற உயர்ந்த நோக்கத்தோடு சில்வெஸ்டர் முன்வந்தார். டிபேஸ் என்ற அட்டவணைக் கலையை, கெட்டியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் தானாகவே படித்தார். எந்தப் பட்டியலையும் பெயர்வாரியாக, தேதிவாரியாக, எப்படி வேண்டுமானாலும் அடுக்கி, வேண்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிற புரோகிராம் எழுதினார்.

1985இல் நாட்டில் சரக்கு விலையெல்லாம் விழுந்தபோது தொழிற்சாலை ஆள் குறைத்தது. யாரை அனுப்புவது என்ற பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, நேர்த்தியாக அச்செடுத்துக் கொடுத்தவர் சில்வெஸ்டர்தான். அகர வரிசையில் 'எஸ்' எழுத்தில் அவர் பெயரும் பிழையில்லாமல் வந்திருந்தது.

அதன்பின் மறுபடியும் தோட்டத்து லயத்து வீடு, வரிசை வீடுகளில் ஒன்று. அதில் ஏசுதாசன், சில்வெஸ்டர், அவர் மனைவி அகத்தா, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு தையல் மெஷின். அம்மா கேதரின் 1981லேயே கோயில் பின்புறத்துக் கல்லறைக்குக் குடிபோய்விட்டாள். இத்தனை பேரும் அந்தக் கூரையின் கீழ் இருப்பதற்கான ஒரே உரிமை, ஏசுதாசன் விடிகாலையில் எழுந்து ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டப் போவதுதான். தோட்டத்தில் பெயர் பதிந்த ஆள் ஒருவர் இருக்கும் வரைதான் வீடு. ஐம்பத்தைந்து வயதில் பெயரை எடுப்பார்கள், மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யவேண்டும். அகத்தாவின் பெயரைப் பதியும்படி ஆபீஸில் கேட்டாயிற்று. விலை விழுந்த வருடம், புது ஆள் எடுப்பதில்லை என்றார்கள். ஏசுதாசனின் ஐசியில், அடையாள அட்டையில், இருந்த தேதி 3-11-1931. அதாவது 1986 நவம்பர் வரைதான் கூரை.

இப்படிப்பட்ட நிலையில் 1986 மே மாதம் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: 'சுங்கை பட்டாணியில் உள்ள அச்சகத்திற்கு, அழகாகப் படம் வரையவும் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கவும் தெரிந்த ஒருவர் தேவை. இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் சிரமப்பட வேண்டாம்.'

சிரமப்பட வேண்டாம் என்றதால் பதினாறு பேர் வந்தார்கள். நன்றாக வரைபவர்கள் திரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள். கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள், தாமரை வரையச் சொன்னபோது முட்டைக்கோஸ் வரைந்தார்கள்.

அச்சக முதலாளி துரைசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கும் சின்னக் கிராணியாகச் சேர்ந்து பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவர், அதுவும் ஏசுதாசன் வெட்டிய அதே தோட்டத்தில். முப்பத்துச் சொச்சம் வருடம் ஒரு பேரேட்டிலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன் என்பது அவர் பெருமை. அவர் சில்வெஸ்டரின் தாமரையைக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார். பிறகு இருபது பெயர்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். அச்சுப்பொறி கரகரவென்று அடுக்கித் தந்தது.

"நீர் ஏசுதாசன்ர மகனோ?"

"ஆமாங்க ஐயா."

"அவருக்குக் கையெழுத்துப் போடவே நான்தான் பழக்கினனான். நீர் இவ்வளவும் ஆரிட்டைப் படிச்சனீர்?"

"புத்தகத்துலதாங்க."

"ரெண்டு ஆள் செய்யிற வேலை. சம்பளம் ஒரு ஆளுக்குத்தான் இருக்கு. விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா."

"ஆறு மாதம் பார்ப்பம். பிறகு நிரந்தரம்."

ஓவியரும் புரோகிராமருமான ஒரே ஆளைத் துரைசிங்கம் தேடியதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துக் கம்பெனி, ஓய்வு பெறும் தொழிலாளிகளைக் கௌரவிப்பது என்று முடிவெடுத்திருந்தது. ஆட்களை அனுப்பும் காலத்தில்தான் கம்பெனிகளுக்கு அவர்கள்மேல் மரியாதை பொங்கும். தோட்டத்துப் பெயர்ப்பதிவேட்டிலிருந்து அந்த வருடம் ஐம்பத்தைந்தை எட்டுபவர்களைக் கம்ப்யூட்டர் மூலம் பொறுக்க வேண்டும். அவர்களுக்குப் பூ வேலைப்பாடுள்ள கரை போட்ட நற்சேவைச் சான்றிதழ் வரைய வேண்டும். அச்சகம் தரும் கம்ப்யூட்டர் பட்டியலையே தலைமை அலுவலகம் ஓய்வுப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். முதலில் இந்த ஒரு தோட்டம். வேலை சரியாக இருந்தால் மற்ற எட்டும்.

ஆகஸ்டில் பதிவேட்டின் நகல் வந்தது. இருநூற்று நாற்பது பெயர்கள். சில்வெஸ்டர் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினார். அப்பாவின் பெயரை ஏற்றும்போது மற்றப் பெயர்களைப் போலவேதான் ஏற்றினார். பிறகு, 1931இல் பிறந்தவர்களைப் பொறுக்கு என்று உத்தரவு கொடுத்தார்.

பச்சை எழுத்தில் இருபத்து மூன்று பெயர்கள் வந்து நின்றன. ஏசுதாசன், அய்யாவு, பாப்பம்மா, காளியம்மா என்று எல்லாம் தெரிந்த பெயர்கள். எதிரே எல்லோருக்கும் ஒரே தேதி: 03/11/31.

புரோகிராம் தப்பு என்று நினைத்து, அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் இருபத்து மூன்று பேரும் ஒரே நாளில் பிறந்தார்கள். முழுப் பதிவேட்டையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். தோட்டத்தின் பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேரும் ஏதோ ஒரு வருடத்து நவம்பர் மூன்றாம் தேதியில் பிறந்திருந்தார்கள். ஜாதகம் பார்ப்பவர் யாராவது கண்டிருந்தால் தொழிலை விட்டிருப்பார்.

"ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க."

துரைசிங்கம் வந்து பார்த்தார். "மெஷின் பழுதோ?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நாப்பத்தெட்டாம் ஆண்டு. எல்லாருக்கும் ஐசி போட வேணும் எண்டு ஓடர் வந்தது. பின்னேரம் ஆறு மணிக்குள்ள முடி எண்டு வெள்ளைக்காரத் துரை சொல்லிப்போட்டான். முந்நூறு சனம். ஒருத்தருக்கும் பிறந்த தேதி தெரியாது. கேட்டால், அக்கா மாமரத்திலேருந்து விழுந்த வருசம் எண்டு சொல்லுதுகள். அதை எந்தப் பெட்டிக்குள்ள எழுதுறது?"

"அதனால?"

"அண்டைக்குத் தேதி நவம்பர் மூண்டு."

இதைத்தான் நிர்வாகத் திறமை என்பது. தேதி தீர்ந்தது, மிச்சம் வருடம். சின்னக் கிராணி துரைசிங்கத்திடம் மொத்தம் நான்கே வயதுகள் இருந்தன: பன்னிரண்டு, பதினேழு, முப்பது, கிழம். வரிசையில் வந்தவர்களை ஏறிட்டுப் பார்த்து, ஆளுக்கொன்றைக் கொடுத்தார். பதினேழு கிடைத்தவர்கள்தான் இப்போது திரையில் நின்ற இருபத்து மூன்று பேர்.

அந்தச் சனிக்கிழமை சில்வெஸ்டர் பங்குக் கோயிலுக்குப் போனார். இந்து நண்பர்களுக்கு இல்லாத ஒரு வசதி அவர்கள் வீட்டுக்கு இருந்தது. ஞானஸ்நானப் புத்தகத்தில் சின்னக் கிராணிகள் கை வைப்பதில்லை. பூச்சி தின்றது போக மிஞ்சிய பக்கத்தில் ஃபாதர் விரலை ஓட்டினார். ஏசுதாசன், பிறப்பு 1936 ஜூலை. வயது ஐம்பது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கூரை உண்டு.

நகலை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸுக்கு ஓடினார். அங்கிருந்த கிராணி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "கோயில் பேப்பர் இங்க செல்லாது தம்பி. ஐசிதான் கணக்கு. அப்ப யாரு எழுதினாங்களோ, அவங்க 'குத்துமதிப்பா எழுதினேன்'னு ஒரு சூராட், கடுதாசி எழுதிக் கொடுத்தா, மேல அனுப்பிப் பார்க்கலாம்."

திங்கட்கிழமை காலை சில்வெஸ்டர் முதலாளி மேசைக்கு முன் நின்றார். விஷயத்தைச் சொன்னார். ஞானஸ்நானப் பேப்பரைக் காட்டினார்.

"ஒரே ஒரு கடிதம் ஐயா. நாலு வரி போதும்."

"அரசாங்கப் பேப்பரிலே பொய் எழுதினனான் எண்டு என்ர கையாலேயே எழுதித் தர வேணும். அப்பிடித்தானே?"

"பொய்யின்னு எழுத வேணாங்க. தோராயம்னு எழுதுங்க."

"தோராயம் எண்டு நான் என்ர சீவியத்திலே ஒரு இடத்திலேயும் எழுதினதில்லை." அவர் குரல் உயரவில்லை. "உம்மட அப்பாவுக்கு எழுதினால் மற்ற இருபத்தி ரெண்டு பேரும் வாசலிலே வந்து நிப்பினம். அதுகளுக்கு நான் எந்தக் கோயில் புத்தகத்தைப் பார்க்கிறது? பிறகு கம்பெனிக்காரன் கேப்பான், ஆரடா இந்தக் கிராணி எண்டு. இந்தக் கொன்ராக்ட், மற்ற எட்டுத் தோட்டம், உம்மட வேலை, எல்லாம் போகும்."

சில்வெஸ்டர் ஞானஸ்நானப் பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நீர் கேக்கேல்லை. நான் சொல்லேல்லை. போய் அந்தக் கரையை முடியும். தாமரை மொட்டு வலப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு."

சில்வெஸ்டர் போய்த் தாமரை மொட்டை நிமிர்த்தினார். இரண்டு நாள் நிமிர்த்தினார். மூன்றாம் நாள் துரைசிங்கம் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அப்பாவின் பதிவைத் திறந்தார். 03/11/31. கர்சரைக் கடைசி இலக்கத்துக்கு நகர்த்தி, ஒன்றின்மேல் ஆறைத் தட்டினார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்திய ஒரு பின்னேரத்தைத் திருத்த ஒரு பொத்தான் போதுமானதாக இருந்தது. தேதியை மாற்றவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு பட்டியலை அச்செடுத்தார். இருபத்திரண்டு பேர்.

கம்பெனியின் பினாங்கு அலுவலகத்தில் அந்தப் பட்டியலைப் பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் ஒத்துப் பார்க்கிற வேலை மிச்சம் என்றுதானே கம்ப்யூட்டரில் அடிக்கச் சொன்னது. ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில், புள்ளி புள்ளியாக அச்சடித்து வந்த எதையும் அந்தக் காலத்தில் யாரும் சந்தேகிக்கவில்லை. முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சான்றிதழ்கள் அச்சாகி வந்தன. தாமரை, மல்லிகைக் கொடி, நான்கு மூலையிலும் பால் கோப்பை. பெயர்களைச் சில்வெஸ்டர் தன் கையால் எழுதினார். துரைசிங்கம் சான்றிதழ்க் கட்டை எடுத்துக் கட்டைவிரலை நனைத்துக்கொண்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"இருபத்தி ரெண்டு."

"ஆமாங்க ஐயா."

"லிஸ்டிலே எத்தினை?"

"இருபத்தி ரெண்டுங்க."

துரைசிங்கம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் பிழை விடாது."

"விடாதுங்க ஐயா."

அவர் சணல் கயிற்றை எடுத்துக் கட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டார்.

அன்று சாயங்காலம் ஏசுதாசன் வாசல்படியில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சில்வெஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அகத்தா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, லிஸ்ட்ல ஒங்க பேரு இல்ல."

"ஏன், மறந்துட்டானுங்களா?"

"மறக்கல. நாந்தான் எடுத்தேன். கோயில் புத்தகத்துல இருக்கிற வருசத்தப் போட்டுட்டேன். ஒங்களுக்கு அம்பதுதான்."

ஏசுதாசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வலது முழங்காலைத் தடவினார். "அம்பதா. இந்தக் காலுக்கு யாரு சொல்றது?"

"மாமா, வெளையாடாதீங்க," என்றாள் அகத்தா. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அய்யாவு மாமாகிட்ட மூச்சு விடக்கூடாது. கள்ளுக்கடையில ஒரு கிளாஸ் உள்ள போனா அவருகிட்ட ஒண்ணும் நிக்காது."

"நான் எதுக்கும்மா சொல்றேன்."

"அஞ்சு வருசம் வீடு இருக்கும் மாமா. பெரியவ ஆறாம் வகுப்பு முடிச்சிருவா."

"அதான் சொல்லிட்டேன்லம்மா."

அய்யாவு அடுத்த லயத்துக்காரர். தோட்டத்து மர நிரையில் ஏசுதாசனுக்கு அடுத்த நிரை அவருடையது. 1948லிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து மரங்களை வெட்டினார்கள். முதல் மரத்தில் தொடங்கும் பேச்சு கடைசி மரத்தில்தான் முடியும். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். குடும்பத்தோடு போய்க் கேதரினின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மறுநாள் திங்கட்கிழமை, பால் நிறுவை முடிந்த பிறகு தோட்டத்து மண்டபத்தில் விழா. தோட்ட நிர்வாகியான துரை வந்தார். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னாள் பெரிய கிராணி என்ற முறையில் துரைசிங்கமே பெயர்களைப் படிக்க, சில்வெஸ்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சான்றிதழாக எடுத்துக் கொடுத்தார். கூடவே பரிசும் உண்டு. மூன்று மாதத்தில் சுவரைக் காலி செய்யப்போகிற இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம்.

ஏசுதாசன் மூன்றாம் வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டையில் மடிப்பு கத்திபோல் நின்றது. அகத்தா அதைத் தேய்த்துக் கொடுக்கவில்லை என்பது சில்வெஸ்டருக்குத் தெரியும். அப்பாவே தேய்த்திருக்க வேண்டும். சில்வெஸ்டர் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் அடுத்த சான்றிதழை எடுக்க வேண்டியிருந்தது.

பாப்பம்மா வாங்கினாள். காளியம்மா வாங்கித் துரையின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசியாக அய்யாவு. கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தவர், நடுவழியில் நின்றார்.

"என்னடா ஏசு, ஒம் பேரக் காணம்? முப்பத்தெட்டு வருசமா எம் பக்கத்து நெரையில வெட்டுனவன் யாருடா அப்ப, பேயா?"

மண்டபம் சிரித்தது. ஏசுதாசனும் சிரித்தார்.

துரை சிரிப்பு அடங்கக் காத்திருந்து, "அடா லாகி?" என்றார், இன்னும் யாராவது உண்டா என்று. கூட்டத்தை முடிப்பதற்காகக் கேட்பது அது. அதற்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

ஏசுதாசன் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பையன்போல் கையைத் தூக்கினார்.

"சாயா, துவான்."

நான் இருக்கிறேன் ஐயா என்று மலாயில் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்தார். முன்னால் வந்து மேசைமேல் வைத்தார். மகன் நின்ற பக்கம் அவர் பார்க்கவில்லை. கம்பெனி ஆள் ஐசியைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், ஐசியை மறுபடி பார்த்தார். நவம்பர் மூன்று, முப்பத்தொன்று. இன்றைக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. இதில் பேச ஒன்றுமில்லை.

"எங்கட பிழைதான் துவான்," என்றார் துரைசிங்கம். "அச்சகத்திலே ஒரு பேர் விடுபட்டுப்போச்சு. இந்தக் கிழமைக்குள்ள குடுத்திடுறம்."

அடித்தல் திருத்தல் இல்லாத முப்பத்துச் சொச்சம் வருடத்தில், அவர் பலபேர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட முதல் பிழை அது. செய்யாத பிழை என்பதால் ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்திருக்கலாம்.

துரை, கடிகாரமும் வரும் என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். தோட்டத்தில் இதற்கு முன் யாரும் ஏசுதாசனிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. மண்டபம் கைதட்டியது. அய்யாவுதான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார். கடிகாரம் அக்குளிலிருந்து நழுவப் பார்த்தது.

அச்சகத்துக்குத் திரும்பும் வழியில், துரைசிங்கத்தின் பழைய ஆஸ்டின் காரில் சில்வெஸ்டர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோலா கெத்தில் கடைத்தெரு வந்தபோது துரைசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் நான் உமக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு உம்மட அப்பா பன்னிரண்டு வயசுக்காரற்ற வரிசையிலேதான் நிண்டவர். பார்த்தாலே தெரியும், சின்னப் பெடியன். அய்யாவு மற்ற வரிசையிலே நிண்டான். பெரிய ஆக்கள் இன்னும் ஆரும் இருக்கோ எண்டு கேட்டன். இவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, அவனுக்குப் பின்னாலே நிண்டிட்டார்."

"நீங்க எழுதிட்டீங்க."

"ஆறு மணிக்குள்ள முடிக்க வேணும் எண்டவன்."

சில்வெஸ்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மரங்கள்தான் இருந்தன, எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில்.

சாயங்காலம் அவர் வீடு சேர்ந்தபோது அகத்தாவுக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. அடுப்பு மூட்டவில்லை. ஏசுதாசன் வாசல்படியில், சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ப்பா?"

"கேட்டாங்க."

"கேட்டா?"

ஏசுதாசன் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"அய்யாவு இல்லாம எவங்கூடடா பேசிக்கிட்டு வெட்டுறது. அஞ்சு வருசம்டா."

அகத்தா உள்ளேயிருந்தே சொன்னாள், கணவனைப் பார்த்துச் சொல்வதுபோல: "அந்தக் கடியாரத்த எங்க மாட்டப்போறாருன்னு கேளுங்க ஒங்க அப்பாவ."

ஏசுதாசன் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றினார். அந்த வாரம் முழுவதும் அவள் அவருக்குச் சோறு வைத்தாள், மாமா என்று கூப்பிடவில்லை.

மறுநாள் சில்வெஸ்டர் கம்ப்யூட்டரில் ஆறை மறுபடி ஒன்றாக்கினார். பிறகு இருபத்து மூன்றாவது சான்றிதழை எழுத உட்கார்ந்தார். கரை அச்சடித்த மீதித் தாள் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வெள்ளைத் தாளில் மைப்பேனாவால் புதிதாகக் கரை வரைந்தார். மல்லிகைக் கொடிக்குப் பதிலாக ரப்பர் இலை, மூன்று மூன்றாக. ஒரு நாள் முழுக்க ஆயிற்று. முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். வேலை தாமதம் என்று சொல்லவில்லை. மொட்டு சரிந்திருக்கிறது என்றும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் வேலை நிரந்தரமானதற்கான கடிதம் வந்தது. கம்பெனி மற்ற எட்டுத் தோட்டத்தையும் கொடுத்துவிட்டது. விடுபட்ட சான்றிதழை விரைந்து செய்துகொடுத்த திறமையைக் கம்பெனி பாராட்டியதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சேர்த்தவர் துரைசிங்கமா, கம்பெனியா என்று தெரியவில்லை.

பிப்ரவரியில் லயத்து வீட்டின் சாவியை ஆபீஸில் கொடுத்தார்கள். திகாம் பத்து என்ற ஊரில், ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு அறை கிடைத்தது. தையல் மெஷினை ஒரு மூலையில் போட்டதும் ஏசுதாசனுக்குக் கால் நீட்ட இடம் குறைந்தது. கடிகாரத்துக்குச் சுவர் இருந்தது, ஆணி இறங்கவில்லை. சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, அலமாரிமேல் சாய்த்து வைத்தார்கள். அய்யாவு செர்டாங்கில் இருந்த மகள் பிரேமாவதி வீட்டுக்குப் போய்விட்டார், மாநிலத்தின் தென்கோடிக்கு. இரண்டு பஸ் மாற வேண்டும். ஏசுதாசன் இரண்டு முறை போய் வந்தார். அங்கே வேறு மனிதர்கள் இருந்ததால் இருவருக்கும் பேச்சு வரவில்லை என்று சொன்னார். மூன்றாம் முறை போகவில்லை. அய்யாவும் இங்கே வரவில்லை.

1988இல் ஒரு புதன்கிழமை பிரேமாவதி அச்சகத்துக்கு வந்தாள். அப்பாவின் கருமக் கிரியை அழைப்பு அடிக்க வேண்டும். ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தாள். சில்வெஸ்டர் அதை வைத்துக் கோட்டுப்படமாக வரைந்தார். படத்தின் இடப்பக்கம் 'தோற்றம்', வலப்பக்கம் 'மறைவு'. வலப்பக்கத் தேதி தெரியும். இடப்பக்கத்துக்கு அவர் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் மாதிரித் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், அப்பாவிடம் காட்டினார்.

ஏசுதாசன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"காது சரியா வந்திருக்கு."

"அவருக்கு உண்மையிலேயே என்ன வயசுப்பா?"

"என்னவிட எட்டு வயசு மூத்தவன்டா. நான் பொடியனா இருக்கும்போதே அவனுக்கு மீசை."

"அப்ப என்ன தேதி போடுறது?"

ஏசுதாசன் தாளை மகனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஐசில உள்ளதயே போடு. அதுலதான் ரெண்டு பேரும் ஒண்ணு."

சில்வெஸ்டர் அப்படியே போட்டார். மறுநாள் துரைசிங்கம் பிழை பார்த்தார். தேதியின்மேல் பென்சில் கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது. முந்நூறு பிரதி அடித்தார்கள்.